கருவேலை வெட்டிய இடத்தில் கொழுக்கட்டைப் புல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தின் தீவனத் தட்டுப்பாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆடு மாடு வைத்திருப்போர் படும் பாட்டை அது உள்ளபடியே எழுதியிருந்தது. ஆனால் மாவட்டம் முழுவதற்கும், கம்பையும் நேப்பியர் புல்லையும் இணைத்து உருவாக்கிய கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லே மருந்து என்று அது முடித்திருந்ததில் எனக்கு உடன்பாடில்லை. வைகைத் தண்ணீரும் நல்ல கிணறும் வாய்த்த பரமக்குடிப் பக்கத்துக்கு அது பொருந்தலாம். சாயல்குடி தொடங்கி ஏர்வாடி, திருப்புல்லாணி, உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று தொண்டி வரை நீளும் கடலோர மணற்பாங்குக்கு அது பொருந்தாது. இந்த மண்ணில் மழையை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடிய மேய்ச்சல் புல் ஒன்று நம்மிடமே இருக்கிறது. கொழுக்கட்டைப் புல் என்பது அதன் பெயர். வெட்டிய சீமைக் கருவேல் மறுபடி முளைக்கும் முன் அந்த இடத்தில் இந்தப் புல்லை ஊன்றிவிட வேண்டும் என்பதும், ஊன்றுவதற்கு முன் சில விவரங்களைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும்தான் இக்கடிதத்தில் நான் சொல்ல வருவது.

அக்கட்டுரை காட்டிய விளைச்சல் கணக்கு பொய்யன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கோ 4 கம்பு நேப்பியர், பாசன நிலத்தில் எக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 380 டன் அளவுக்குப் பசுந்தீவனம் தரவல்லது. கொழுக்கட்டைப் புல்லுக்கு அதே பல்கலைக்கழகம் சொல்லும் அளவு 40 டன்தான். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இந்த எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் வழக்கு அங்கேயே தோற்றுவிடும். ஆனால் நேப்பியருக்குப் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் வேண்டும் என்பதையும், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடலோர மணலில் நாம் ஊற்றுத் தோண்டிக் குடிக்கும் நல்ல தண்ணீர், அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் பாலாடை போல மிதந்துகொண்டிருப்பது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. மேலே அந்த 1 அடியை மோட்டார் வைத்து இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு அதே 40 அடி ஏறிவிடும். ஆட்டுக்குப் புல் வளர்க்கப் போய் வீட்டுக் குடத்தில் உப்பை வாங்கிக்கொள்வது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

நம் மாவட்டத்து மழை ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மிச்சமுள்ள மாதங்களில் வானம் பார்த்துக் கிடக்கிறோம். இந்தத் தாளத்துக்கு ஏற்றபடி உயிர் வைத்திருக்கும் புல் கொழுக்கட்டைப் புல். சென்க்ரஸ் சிலியாரிஸ் என்று தாவரவியலார் குறிப்பிடும் இது, ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளிலிருந்து இந்தியா வரை இயற்கையாகவே பரவியிருப்பது; இராஜஸ்தானத்தில் இதை அஞ்சன் என்கிறார்கள். ஆண்டுக்கு 300 முதல் 750 மில்லிமீட்டர் மழையுள்ள இடங்களில் இது சுகமாக வளரும். வேர் ஆழமாக இறங்குவதும், தண்டின் அடிப்பகுதி பருத்து அதில் மாவுச்சத்தைச் சேமித்து வைப்பதும்தான் இதன் இரகசியம். சித்திரையில் மேலே தாள் முழுவதும் வைக்கோலாகக் காய்ந்திருந்தாலும் தூரைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கும். ஒரு கோடை மழை விழுந்தால் நான்காம் நாள் துளிர் தெரியும். காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்குள்ளே வெள்வேல மரத்தடியில், காங்கேயம் மாடுகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டிருப்பதும் இதே புல்தான்.

என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சாயல்குடிக்கு அருகே எனக்கு 4 ஏக்கர் மணல் புஞ்சை உண்டு. ராமநாதபுரம் வெள்ளை என்னும் நாட்டு ஆடுகள் 30 வைத்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மானியத் திட்டம் ஒன்றின் கீழ் எனக்குக் கொழுக்கட்டைப் புல் விதை கிடைத்தது. விதைப்பை வந்து சேர்ந்தது மார்கழி கடைசியில். மழை முடிந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பையில் அறுவடை செய்த மாதம் எதுவும் குறிக்கப்படவில்லை. இருந்த ஈரத்தில் ஒரு பகுதியை விதைத்தேன். நூற்றுக்கு மூன்று நான்குகூட முளைக்கவில்லை. விதை சொத்தை என்று எல்லாரையும் போல நானும் திட்டினேன். மீதமிருந்ததை என் தாயார் ஓலைப்பெட்டியில் கொட்டிப் பரணில் போட்டுவிட்டார். அடுத்த புரட்டாசியில், எறிய மனமில்லாமல் அதை எடுத்து வரப்போரமாகத் தூவினேன். ஐப்பசி மழைக்கு அந்த வரப்பு முழுவதும் பச்சைக் கோடு கிழித்தது போல முளைத்து நின்றது.

விதையில் குற்றமில்லை, அவசரத்தில்தான் குற்றம். இந்தப் புல்லின் விதை, பறித்த புதிதில் முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் வரை உறங்கிக் கிடக்கும். உடனே விதைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் 1 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் 48 மணி நேரம் ஊறவைக்கலாம் என்று பல்கலைக்கழகம் வழி சொல்கிறது. ஆனால் மழைக்கு முன்னே புழுதியில் விதைக்கும் நமக்கு ஊறிய விதை ஒத்துவராது, ஓராண்டு பழைய விதையே உத்தமம். இன்னொன்றும் உண்டு. நாம் விதை என்று கையில் எடுப்பது உண்மையில் மயிர் சூழ்ந்த ஒரு பஞ்சுக்கொத்து. அதற்குள் ஒன்று முதல் நான்கு வரை மணி இருக்கலாம், எதுவுமே இல்லாமல் பதராகவும் இருக்கலாம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விதைப்பதற்கு இருபது நாள் முன்பாக நூறு கொத்தை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ணிப் பார்த்துவிட்டு நிலத்துக்குப் போவது என் வழக்கம். இவ்வளவு எளிய சோதனையை விதை கொடுக்கிற இடத்திலேயே செய்தால், மழைக்காலம் ஒன்று வீணாகாது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நம் கடற்கரைக்குப் புரட்டாசிப் பட்டம்தான். நெல்லையே புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் மாவட்டத்துக்குப் புழுதி விதைப்பைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. நிலத்தை இரண்டு உழவு ஓட்டி, இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்ட மண்ணாக இருந்தால் வேறு எரு இல்லாமலும், இல்லையென்றால் தொழுவுரம் இட்டும், எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்றேகால் கிலோ விதை போதும். விதை பஞ்சாக இருப்பதால் கச்சான் காற்றில் பக்கத்துக் காட்டுக்குப் பறந்துவிடும். எனவே ஈரமணலுடன் நன்றாகப் பிசைந்து, காற்று அடங்கிய விடியற்காலையில் தூவ வேண்டும். ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வராது. மேலாக மண் மூடினால் போதும் என்பதால், முள்ளுக் கொத்து ஒன்றைக் கயிற்றில் கட்டி நிலத்தின் மேல் இழுத்துவிடுகிறேன். சீமைக் கருவேல முள்ளுக்கு நான் கண்ட ஒரே மரியாதையான வேலை அது.

விதை கிடைக்காதவர்கள் பழைய தூரைப் பிரித்தும் நடலாம். வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் விட்டால் ஏக்கருக்கு 27,000 தூர் பிடிக்கும். கூலியை நினைத்தால் விதைப்பே சிக்கனம். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் என்னும் தீவனச் செடியைச் சேர்ப்பது நல்லது. அது பயறு இனமாகையால் மண்ணுக்குத் தழைச்சத்தும் ஆட்டுக்குப் புரதமும் தரும்.

முதல் மாதம் பார்ப்பவருக்கு நம்பிக்கை வராது. புல் நூலிழை போல இருக்கும். கோரையும் மற்ற களையும் அதன் தலைக்கு மேல் நிற்கும். அந்த ஒரு களையெடுப்பைத் தவறவிட்டவர்கள்தான் இந்தப் புல்லைப் பெரும்பாலும் கைவிட்டவர்கள். அதைக் கடந்துவிட்டால் எழுபது, எழுபத்தைந்தாம் நாளில் முதல் அறுப்பு வரும். பிறகு மழையைப் பொறுத்து ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு அறுப்பு வரை கிடைக்கும் என்பது புத்தகக் கணக்கு. என் மணலில் மூன்று, மழை நன்றாக இருந்தால் நான்கு. அறுக்கும்போது தரையோடு வழித்துவிடக் கூடாது. மாவுச்சத்து இருப்பது அடித்தண்டில் என்பதால் நான்கு விரற்கடைக்கு மேலே விட்டு அறுக்க வேண்டும். கதிர் வெளிவரத் தொடங்கும் பருவமே அறுப்புக்கு ஏற்றது. இளம்பருவத்தில் பத்து சதவீதத்தை எட்டும் புரதம், கதிர் முற்றிய தாளில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. புல் உயரமாக நிற்கிறதே என்று ஆசைப்பட்டு விட்டுவைப்பவர், ஆட்டுக்கு வைக்கோலைத்தான் போடுகிறார்.

என் 4 ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் இப்போது புல். நல்ல மழை பெய்த ஆண்டில் அதில் 9 டன் வரை அறுத்திருக்கிறேன்; புத்தகம் சொல்வதில் பாதிகூட இல்லை என்பதை மறைக்கவில்லை. ஆடு ஒன்றுக்கு நாளைக்கு மூன்றரை கிலோ என்று வைத்தால் 30 ஆட்டுக்கு 85 நாள் தீவனம். இதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் இறைக்கவில்லை, இரண்டாம் ஆண்டிலிருந்து விதைக்கவும் இல்லை. இந்தப் புல் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை கட்டும் இயல்புடையது. அதனால் விதையில் முளைக்கும் செடி தாய்ச்செடியின் அச்சாகவே இருக்கும். தோட்டத்தில் நன்றாகத் தூர் கட்டிய செடியைப் பார்த்து வைத்து, அதன் கதிரை மட்டும் உருவிச் சேர்த்தால், குணம் கெடாத விதை ஆண்டுதோறும் நம் வீட்டிலேயே இருக்கும்.

இனி, பொது நிலத்துக்கு வருகிறேன். 1877-இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல், நம் மாவட்டத்தின் மேய்ச்சல் புறம்போக்கை எப்படி விழுங்கியது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல இருப்பதால், அதை வேரோடு ஒழித்துவிட வேண்டும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி இயந்திரங்கள் வந்து பிடுங்கிய இடங்கள் பலவற்றை, அடுத்த மூன்று நான்கு ஆண்டில் மறுபடி கருவேலே மூடியதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது. நெற்றைத் தின்ற ஆடு புழுக்கையோடு விதையைப் போடுகிறது; வயிற்றில் ஊறி வந்த விதை, வெறும் மண்ணில் போட்டியே இல்லாமல் முளைக்கிறது. பிடுங்கிய அதே ஆண்டின் புரட்டாசியில் அங்கே கொழுக்கட்டைப் புல்லை விதைத்து, அது தூர் கட்டும்வரை காவல் வைத்திருந்தால், முளைக்கும் கருவேலங்கன்றுக்கு ஒளியும் ஈரமும் இவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்காது. வருகிற ஒன்றிரண்டைக் கையால் பிடுங்கிவிடலாம்.

இந்த யோசனையை ஊர் ஊராகக் கிடை ஆடு மேய்க்கும் எங்கள் பக்கத்துக் கீதாரி ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. "புல்லை வெதைச்சு வேலியும் போட்டுருவீக அண்ணே. ஐப்பசி கார்த்திகையில காடு பூராம் வெள்ளாமை நிக்கும். அப்ப என் கிடையை எங்குட்டுப் பத்திக்கிட்டுப் போறது?" அவர் கேட்டது நியாயம். தை அறுவடை முடிந்தால் தாளடியில் ஆடு மேயும். நிலக்காரரே அழைத்துக் கிடை போடச் சொல்வார். மழைக்காலத்தில்தான் அவருக்குப் புறம்போக்கை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. புல்லுக்கோ, அதே மழைக்காலத்தில்தான் ஆட்டுவாய் படாத முதல் வளர்ச்சி வேண்டும். மந்தைவெளி முழுவதையும் ஒரே ஆண்டில் அடைத்தால் வேலி நிச்சயம் பிரிக்கப்படும். பிரிப்பவரைக் குறைசொல்லவும் முடியாது. ஆகவே மூன்றில் ஒரு பங்கை மட்டும் இந்த ஆண்டு அடைத்து விதைப்பது, அது மறு ஆண்டு மேய்ச்சலுக்குத் திறந்த பிறகே அடுத்த பங்கை அடைப்பது என்று கீதாரிகளையும் கூட்டி உட்காரவைத்து ஊர் முடிவுசெய்ய வேண்டும். மூன்று ஆண்டாகும். வேலிக்குக் கம்பி வேண்டியதில்லை. கொறங்காட்டில் செய்வதுபோல் கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நெருக்கி நட்டால் போதும்.

எங்கே விதைக்கக் கூடாது என்பதையும் சொல்லாவிட்டால் இக்கடிதம் தீங்கு செய்துவிடும். கொழுக்கட்டைப் புல்லுக்கு நீர் தேங்குவது ஆகவே ஆகாது. கண்மாய் உட்புறத்திலும், மழைக்குத் தண்ணீர் கட்டும் உவர்க்களர்த் தரையிலும் அதை விதைத்தால் அழுகித்தான் போகும். களரும் தேங்கலும் சேர்ந்த இடத்துக்குக் கர்னால் புல் என்ற வேறு புல் இருக்கிறது. அதைப் பற்றி இராமநாதபுரத்தில் உள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அடுத்து, கடலை ஒட்டிய மணல்மேடுகள். அங்கே ஈட்டிபோல் இலை நீட்டிக்கொண்டு நிற்கும் இராவணன் மீசை என்ற புல்லை எந்த ஆடும் தொடாது; ஆனால் மணலை இறுக்கிப் பிடித்துக் காற்றையும் அலையையும் தாங்குவது அதுதான். அதைப் பிடுங்கிவிட்டுத் தீவனப் புல் வைக்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளில் கொழுக்கட்டைப் புல்லின் ஒரு கொத்துகூட விழக் கூடாது. ஆஸ்திரேலியாவில் மேய்ச்சலுக்கென்று ஆவலோடு பரப்பிய இதே புல், மேயவிட ஆடுமாடு இல்லாத வறண்ட காடுகளுக்குள் புகுந்து, காய்ந்து நின்று காட்டுத்தீக்கு இரையாகி, அங்குள்ள செடிகளையும் அழித்ததால், தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2015-இல் இதைக் களை என்றே அறிவித்துவிட்டது. அந்த மண்ணுக்கு இது அந்நியம். இங்கே இது பூர்வீகம், மேய வாயும் ஏராளம். ஆனாலும் ஆடு போகாத இடத்தில் இதை விதைக்க யாருக்கும் வேலையில்லை.

கால்நடைத் துறைக்கும் ஊராட்சிகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் பெரிதொன்றுமில்லை. கடலோர ஒன்றியங்களுக்கு நேப்பியரின் நடவுத் தண்டான கரணையை மட்டுமே கொடுத்துக் கணக்கை முடிக்காமல், கொழுக்கட்டைப் புல் விதையையும் சேர்த்துக் கொடுங்கள். அதை ஆவணி முடிவதற்குள் கொடுங்கள். பையின் மேல் அறுவடை செய்த மாதத்தை எழுதிக் கொடுங்கள். கருவேல் அகற்றும் ஒப்பந்தத்தை வைகாசி, ஆனியிலேயே முடித்து, அதே ஆண்டுப் புரட்டாசியில் விதைப்பதையும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக்குங்கள். களையெடுப்பை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அந்த ஒரு மாதக் களையெடுப்பில்தான் எல்லாம் இருக்கிறது.

சென்ற மாசியில் உருவிய விதை 12 கிலோ அளவுக்கு என் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன வாரம் ஈரச் சாக்கில் வைத்துப் பார்த்ததில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு முளைத்தது. எனக்கு இந்த ஆண்டு விதைக்க வேண்டிய தேவையில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் புரட்டாசி பிறப்பதற்குள் வந்தால் எடுத்துப் போகலாம். காசு வேண்டாம், அடுத்த ஆண்டு அதே அளவு விதையைத் திருப்பிக் கொடுத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் கேட்காதீர்கள், புழுங்கிவிடும். ஓலைப்பெட்டியோடு வாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
மானாவாரி விவசாயி ஒருவர்,
சாயல்குடி வட்டாரம்.